நடுநிலைக் கடிகாரம்

கடிகாரக்காரருக்கு மதம் பூஜ்ஜியம் என்று முடிவு செய்தது அவர் அல்ல. ஐந்து பேர் கொண்ட ஒரு துணைக்குழு. அவருடைய அப்பா தொழுதவர், அம்மா ஜெபித்தவர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதி ஒன்றுமில்லை என்று எழுதி, கீழே ஐந்து கையெழுத்தும் ஒரு முத்திரையும் போட்டு, நகலொன்றை அவர் கடைக்கே அனுப்பி வைத்தார்கள். அவர் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இத்தனை வருஷமா நான் வீட்ல சொல்றதுதானே இது? இதுக்கு எதுக்கு முத்திரை?" என்று கேட்டாளாம்.

சங்கதி இதுதான். சமய ஒப்பீட்டு நல்லிணக்க விவாதக் கழகம் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இஸ்லாமிய நம்பிக்கைகளையும் கிறிஸ்தவ நம்பிக்கைகளையும் மேடையேற்றி, ஒப்பிட்டு, எது சரி என்று முடிவு கட்டுவது கழகத்தின் குறிக்கோள். இருபத்து மூன்று வருடமாக முடிவு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டிவிட்டால் கழகத்தை இழுத்து மூட வேண்டிவரும் என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால் யாரும் அவசரப்படுவதில்லை.

கழகத்தின் செயலாளர் அதற்கு முன்பு ஒரு சதுரங்க மன்றத்தில் செயலாளராக இருந்தவர். அங்கிருந்து வரும்போது விதிமுறைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து, 'பலகை' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'மேடை' என்றும், 'ஆட்டக்காரர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'பேச்சாளர்' என்றும் திருத்திவிட்டார். அதனால்தான் மேடையில் கடிகாரம் வந்தது. முதலில் ஒரு கடிகாரம்தான். பத்தொன்பதாம் ஆண்டில் தங்கள் நேரத்தில் நாற்பது விநாடி காணாமல் போய்விட்டதாக ஒரு தரப்பு புகார் கொடுத்தது. தரப்புக்கு ஒன்றாக இரண்டு கடிகாரம் வாங்கினார்கள். இரண்டும் இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஓடின. அவரவர் கடிகாரத்தின் மேல் அவரவருக்கு இருந்த விசுவாசத்தைச் சொல்லி மாளாது. கடைசியில் மூன்றாவதாக ஒரு நடுநிலைக் கடிகாரமும், அதைப் பார்த்து மணியடிக்க ஒரு நடுநிலை மனிதரும் தேவை என்று தீர்மானம் போட்டார்கள்.

அப்படித்தான் கடிகாரக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நீங்க எந்தத் தரப்புக் கல்யாணத்துல சாப்பிட்டிருக்கீங்க?" என்று கேட்டார் துணைக்குழுத் தலைவர்.

"ரெண்டுலயும்தான் சார்."

"எதுல அதிகமா?"

"எதுல பசி அதிகமா இருந்துச்சோ அதுல."

துணைக்குழு இருபது நிமிடம் தனியாகக் கூடிப் பேசி, 'சாய்வு தென்படவில்லை' என்று குறித்துக்கொண்டது.

சம்பளம் கிடையாது. பதிலாக, விவாதம் நடக்கும் மண்டபத்தை அன்றைக்கே, விவாதம் முடிந்த பிறகு, அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தருவதாகச் செயலாளர் எழுதிக் கொடுத்தார். விவாதம் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்றுக்குள் முடிந்துவிடும், நான்கு மணிக்கு மோதிரம் மாற்றலாம். கடிகாரக்காரர் சந்தோஷமாகக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மனைவிதான் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்ச பிறகுன்னு எழுதியிருக்காங்க. எத்தனை மணிக்கு முடியும்னு எழுதலியே" என்றாள்.

"மூணு மணின்னு வாயால சொன்னாரே."

"வாயாலதானே அவங்க இருபத்து மூணு வருஷமா பேசிட்டிருக்காங்க."

அவள் கவலைக்குக் காரணம் உண்டு. சம்பந்தியாகப் போகிறவர் ரயில் நேர அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்த்துப் பேசி முடிக்கக் குறித்திருந்த நாளன்று கடிகாரக்காரர் இருபது நிமிடம் பிந்தி வீட்டுக்கு வந்தார். யாரோ கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தை அரைகுறையாக விட்டுவர மனசு கேட்கவில்லை. சம்பந்தி அன்று சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஊருக்கெல்லாம் கடிகாரத்தச் சரி பண்றீங்க. நிச்சயத்துக்கு நாலு மணின்னா நாலு மணி. நாலு அஞ்சு ஆச்சுன்னா நான் பையனக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடுவேன். கோபத்துல சொல்லல சம்பந்தி. பழக்கம்."

மகளுக்கு வேறொரு ஆசை இருந்தது. தாத்தாவும் பாட்டியும் இருந்த காலத்தில் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் தாத்தா ஒரு துஆ சொல்வார், பாட்டி ஒரு ஜெபம் சொல்வார். அவள் சின்னப் பிள்ளையாகக் கேட்டது. "எனக்கும் ரெண்டையும் யாராவது சொல்லணும்ப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

கடிகாரக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒருத்தர் முடிச்சா இன்னொருத்தர் ஆரம்பிப்பாங்க. எனக்குப் பசிதான் ஞாபகம் இருக்கு." பிறகு பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. "அட, அன்னிக்கு மண்டபத்துல ரெண்டு பெரிய ஆளுங்க இருப்பாங்களே. அவங்களுக்குத் தெரியாததா?"

பெரிய ஆட்கள்தான். இஸ்லாமியத் தரப்பில் பேசுகிறவருக்குக் கழகம் 'வாதப் புயல்' என்று பட்டம் கொடுத்திருந்தது; மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கிறிஸ்தவத் தரப்புக்கு 'தர்க்க வேங்கை'. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். இருபத்து மூன்று வருடமும் இவர்கள் இருவர்தான். மேடைக்கு ஒரே காரில் வருவார்கள், வேங்கை ஓட்டுவார், புயல் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வார். தொண்டைக்கு ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மேடையில் ஏறியதும் ஒருவரையொருவர் 'மாற்றுத் தரப்பு' என்று அழைப்பார்கள்.

அந்த நாளும் வந்தது.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய விவாதம், மூன்று கடிகாரங்களையும் ஒப்பிட்டு அறிக்கை தருவதில் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பிறகு தலைவர் எழுந்து, சுருக்கமாகப் பேசப்போவதாக ஐம்பது நிமிடம் பேசினார்.

"அன்பர்களே, இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டு சமயங்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை இந்தக் கழகம் கண்ணின் மணிபோலக் காப்பாற்றி வருகிறது. நாம் மட்டும் இல்லாவிட்டால் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள்? அவர்கள் பாட்டுக்குப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, கஷ்டம் என்றால் கைமாற்றாகச் சர்க்கரை வாங்கி, அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார்கள். அந்த அவல நிலையிலிருந்து அவர்களை மீட்டிருக்கிறோம்."

கைத்தட்டல் பலமாக இருந்தது. செயலாளர் எழுந்து இந்த ஆண்டின் முன்னேற்றத்தை அறிவித்தார். பழைய மண்டபத்தில் மாலை ஆறு மணியானால் காவலாளி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். இருபத்திரண்டு ஆண்டும் விவாதத்தை முடித்து வைத்தது அந்த மனிதரின் கைதான். "இந்தப் புது மண்டபத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஜெனரேட்டர் இருக்கிறது. உண்மை வெளிவரும்வரை பேசலாம்."

மேடை ஓரத்தில் மணியும் கையுமாக உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து 'முடிந்த பிறகு' என்ற இடத்தை மறுபடி படித்தார்.

விவாதம் சூடு பிடித்தது. இயேசு இறைவனின் மகனா, இறைத்தூதரா? சிலுவையில் மரித்தாரா, மரிக்காமல் உயர்த்தப்பட்டாரா? ஒன்று மூன்றாக இருக்க முடியுமா, மூன்று ஒன்றாக இருக்க முடியுமா? புயல் கண்ணை மூடிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்திலிருந்து அதிகாரம், வசனம், வரி எண் சகிதம் மழையாகப் பொழிந்தார். வேங்கை விட்டாரா? இஸ்லாமிய வேதத்திலிருந்து அரபியில், அட்சரம் பிசகாமல், ஓத வேண்டிய ராகத்தோடு ஓதிக் காட்டி, "இதுக்கு மாற்றுத் தரப்பு என்ன சொல்லப்போகிறது?" என்று கர்ஜித்தார். முன்வரிசையில் வருடா வருடம் வரும் ரசிகர்கள் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் புள்ளி எண்ணிக்கொண்டார்கள்.

கடிகாரக்காரருக்கு இந்த வாதமெல்லாம் புதிதல்ல. அப்பா 'தூதர்' என்பார், அம்மா 'மகன்' என்பார். சாகும்வரை இருவரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. சோறு ஆறிவிடும் என்று ஒத்திவைப்பார்கள், அவ்வளவுதான். அதற்குத் தீர்மானம் எதுவும் நிறைவேற்றியதாக அவருக்கு நினைவில்லை.

மூன்று மணி ஆயிற்று. மணியடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. செயலாளரிடம் போய்க் குனிந்து, "சார், மூணு" என்றார்.

"ஆமா, முதல் சுற்று முடிஞ்சிருச்சு. இனிமே மறுப்பு. அப்புறம் மறுப்புக்கு மறுப்பு. அதுக்கு ஒரு தெளிவுரை. தெளிவுரைய மறுக்க ஒரு வாய்ப்பு கொடுக்காம விட்டா ஒருதலைப்பட்சம் ஆயிடும்ல?"

"அப்ப கடைசி வார்த்தை யாருக்கு சார்?"

"அதத்தான் இருபத்து மூணு வருஷமா ஆராய்ஞ்சிட்டிருக்கோம்."

"சார், நாலு மணிக்கு என் பொண்ணுக்கு நிச்சயம். நீங்களே எழுதிக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். முடிஞ்ச பிறகுன்னு. முடியலியே." செயலாளர் பரிவோடு அவர் தோளைத் தட்டினார். "ரெண்டு பேச்சாளரும் சேர்ந்து, விஷயம் தீர்ந்துபோச்சுன்னு ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டா நான் இப்பவே முடிச்சிடுவேன். ஆனா அவங்க ஒரு விஷயத்துல ஒத்துப்போனா, அப்புறம் அடுத்த வருஷம் பேச எப்படி வருவாங்க, சொல்லுங்க?"

மூன்றரைக்குப் பெண் வீட்டார் வந்து பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். கையில் பூக்கூடை, கேக் பெட்டி, புதுச்சேலை சரசரப்பு. செயலாளர் முகம் மலர்ந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "வரலாறு காணாத கூட்டம். குறிப்பாகத் தாய்மார்கள் திரண்டு வருவதைக் காண்கிறேன்." கடிகாரக்காரரின் மச்சினிக்கு ஒரு பார்வையாளர் படிவம் கொடுத்து, 'இன்றைய விவாதத்தால் உங்கள் ஐயம் தீர்ந்ததா, வளர்ந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே குறி போடச் சொன்னார்கள். அவள் இரண்டிலும் போட்டாள்.

மனைவி மேடைப் படிக்கட்டில் பதுங்கியபடி வந்தாள். "என்னங்க. அந்த முள்ளத் தள்ளி வைங்க."

"எந்த முள்ள?"

"மூணு கடிகாரத்தையும் ஆறு மணின்னு வச்சிடுங்க. ஆறு மணிக்கு எழுந்து பழகினதுதானே, அதது எழுந்து போகும்."

கடிகாரக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. "இந்தக் கையால இதுவரைக்கும் தப்பா ஒரு நேரம் வச்சதில்ல."

"பொண்ணு கல்யாணம் நின்னாலும் பரவால்லியா?"

"அதுக்காகவாவது சரியா இருக்கணும். சம்பந்திக்குத் தெரியாதா எது பொய் நேரம்னு?"

சொல்லி வாய் மூடவில்லை, மூன்று நாற்பத்தைந்துக்குச் சம்பந்தி மகனோடு உள்ளே வந்தார். நேரே முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மிடுக்கான ஆள் என்று கண்ட வரவேற்புக் குழு அவர் சட்டையில் 'சிறப்புப் பார்வையாளர்' என்ற அட்டையைக் குத்திவிட்டது. சம்பந்தி அட்டையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடிகாரக்காரரைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பார்த்தார்.

மூன்று ஐம்பதுக்குத் தெளிவுரைக்கான மறுப்பு பாதியில் இருந்தது. செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, "இடையில் பொதுமக்கள் கேள்வி ஒன்று. இரு தரப்பும் தத்தம் வேதத்திலிருந்து பதில் தர வேண்டும்" என்று அறிவித்தார். கேட்க ஆளில்லை. ரசிகர்களுக்குக் கேள்வி கிடையாது, புள்ளிதான். கடிகாரக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மகள் கேட்டதையாவது வாங்கிவிடலாம், நிச்சயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், என்று எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஐயா, ரெண்டு பேரும் மன்னிக்கணும். நான் மணியடிக்கிறவன். எம் பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம். எங்க அப்பா ஒரு துஆ சொல்வாரு, எங்கம்மா ஒரு ஜெபம் சொல்வாங்க, நல்ல காரியத்துக்கு. ரெண்டு பேரும் இப்ப இல்ல. எனக்கு ரெண்டும் தெரியாது. நீங்க படிச்சவங்க. உங்க உங்க பக்கத்துலேருந்து, ஒரு பொண்ணு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறதுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்களேன்."

"அருமையான கேள்வி," என்றார் தலைவர், விழித்துக்கொண்டு.

புயல் சிரித்தபடி எழுந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். வந்தது கிறிஸ்தவ வேதத்தின் ஆசீர்வாதம், அதிகார எண்ணோடு. பாதியில் நிறுத்தினார். மறுபடி திறந்தார். மறுபடியும் மாற்றுத் தரப்பின் வசனம்தான் முந்திக்கொண்டு வந்தது. வாயை மூடினார்.

வேங்கை எழுந்தார். நெற்றியைத் தடவினார். இருபத்து மூன்று வருடமாக ராத்திரி பகலாக அவர் மனப்பாடம் செய்தது எல்லாம் எதிராளியின் வேதம். தன்னுடையதைத்தான் எதிராளி பார்த்துக்கொள்கிறாரே என்று விட்டிருந்தார். அரபியில் ஒரு வரி உதடுவரை வந்தது. அதை விழுங்கினார்.

மண்டபத்தில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. புயல் வேங்கையைப் பார்த்தார். வேங்கை தரையைப் பார்த்தார். முன்வரிசை ரசிகர் ஒருவர் எந்தப் பக்கம் புள்ளி போடுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தார்.

கடிகாரக்காரர் பழக்க தோஷத்தில் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. துணைக்குழு கொடுத்த விதிமுறை நகலை அவர் ஒருவர்தான் முழுதாகப் படித்தவர். பூட்டுகிற திருகை எண்ணாமல் பின்மூடியைப் போடுகிற தொழில் இல்லை அவருடையது. அதில் முப்பத்தோராம் விதி இப்படிச் சொன்னது: பேச்சாளர் தம் முறையில் தொடர்ந்து இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தால் அவர் தரப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும், இருவரும் அவ்வாறிருந்தால் மேடை கலைக்கப்படும். சதுரங்க மன்றத்திலிருந்து அப்படியே வந்த விதி. இருபத்து மூன்று வருடத்தில் அதற்கு வேலை வந்ததில்லை. ஏனென்றால் யாரும் வாயை மூடியதில்லை.

மூன்று கடிகாரத்தையும் பார்த்தார். மூன்றிலும் இரண்டு நிமிடம் கடந்திருந்தது. மணியை அடித்தார்.

"என்ன மணி இது?" என்றார் செயலாளர்.

"முப்பத்தொண்ணு சார்."

செயலாளர் பக்கத்தைப் புரட்டினார். தானே கையால் திருத்திய பக்கம். உதட்டைக் கடித்தபடி, மேடை கலைந்ததாக அறிவித்தார். அப்போது நேரம் மூன்று ஐம்பத்தெட்டு.

அடுத்த இரண்டு நிமிடத்தில் நடந்ததைப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்துப் பெண்களை ரயில் நிலையத்துக்கே வேலைக்கு எடுத்திருப்பார்கள். மச்சினி மேடை மேசைமேல் பூவைக் கொட்டினாள். ஒப்பீட்டு அட்டவணை எழுதியிருந்த பதாகையைத் திருப்பி மாட்டினார்கள். தலைவர் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்ததால் அவரை உட்கார்ந்தபடியே ஓரத்துக்கு நகர்த்தினார்கள். நான்கு மணிக்கு மகள் மோதிரத்துக்குக் கை நீட்டினாள். சம்பந்தி முழங்காலிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"சரியான நேரம்," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாக அவர் மனைவிகூடச் சொன்னதில்லை.

"தாத்தா பாட்டி சொல்றது?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

புயலும் வேங்கையும் போகவில்லை. ஒரே கார், சாவி வேங்கையிடம், வேங்கை அசையவில்லை. புயல்தான் அவர் காதருகே குனிந்து, முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். வேங்கை பிடித்துக்கொண்டு ஜெபத்தைச் சொன்னார். நடுவில் தடுமாறிய இடத்தில் புயல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். அடுத்து புயல் கைகளை ஏந்தி நின்றார், வேங்கை அவருக்கு ஒவ்வொரு சொல்லாக, ராகம் பிசகாமல் சொல்லிக்கொடுத்தார். மேடை கலைந்துவிட்டதால் யாரும் நேரம் பார்க்கவில்லை. சம்பந்தி பார்த்தாராம். வெளியே சொல்லவில்லை.

கழகம் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே அவசரக் கூட்டம். முதலில் வாயை மூடியது எந்தத் தரப்பு என்று கண்டறிய ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். வேங்கையின் கடிகாரப்படி புயல், புயலின் கடிகாரப்படி வேங்கை. இருபத்து நான்காம் ஆண்டு விவாதத்துக்கு அதுவே தலைப்பு.

அதற்கடுத்த வாரம் புயல் கடைக்கு வந்தார், தன் தரப்புக் கடிகாரத்தை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு. கடிகாரக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது." புயல் வாசலைப் பார்த்தார். "அன்னிக்கு அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரே... உங்க வீட்ல யாரோ போன்ல பிடிச்சாங்களாமே. அவர்கிட்டக் கேட்கக் கொஞ்சம் கூச்சமா இருக்கு."

மனைவி உள்ளேயிருந்து போனைக் கொண்டுவந்தாள். புயல் காதோடு வைத்துக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனார். கடிகாரத்தை மறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேங்கை வந்தார், துணியில் சுற்றிய இன்னொரு கடிகாரத்தோடு. அதுவும் நன்றாகத்தான் ஓடியது. அவரும் எழுதிக்கொண்டார், அவரும் மறந்துவிட்டுப் போனார்.

இரண்டும் இப்போது கடையில் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு நிமிட வித்தியாசம் அப்படியே இருக்கிறது. போன வாரம் சம்பந்தி கடைக்கு வந்தவர் அதைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன சம்பந்தி, உங்க கடையிலயே இப்படியா? இதத் திருத்த எத்தனை நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்," என்றார் கடிகாரக்காரர், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல். "கொண்டுவந்தவங்க அதுக்காகக் கொண்டுவரல."